பில்லில் சிப் நம்பர் இல்லையென்றால் பணம் கொடுக்காதீர்கள்: 1,86,000 ரூபாய் போன கதை

1,86,000 ரூபாய். கோவையில் சின்னதாக எலக்ட்ரானிக்ஸ் பட்டறை வைத்திருக்கும் எனக்கு இது பெரிய பணம். ஆர்.எஃப். (ரேடியோ அலை) போர்டு செய்கிறவர்கள், கல்லூரி லேபுக்குப் பொருள் வாங்குகிறவர்கள் தயவுசெய்து முழுதாகப் படியுங்கள். போலிச் சிப் விற்று என்னை ஏமாற்றிய வியாபாரி அடுத்து உங்களிடம்தான் வருவார்.

பெருந்துறைப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரிக்கு வயர்லெஸ் டிரான்ஸ்மிட்டர் பயிற்சி போர்டு செய்து தர ஒப்புக்கொண்டிருந்தேன். அதன் உயிரே டேக் சிப்தான், டிஜிட்டல் எண்களை அனலாக் சிக்னலாக மாற்றுவது. நாங்கள் வடிவமைத்தது ஏடி9779ஏ சிப்புக்கு. ஒரே சிப்பில் ஐ, க்யூ என்ற இரண்டு சிக்னலுக்கும் தனித்தனியாக இரண்டு டேக், 16 பிட், நொடிக்கு 100 கோடி சாம்பிள் (சிக்னல் மதிப்பு) வரை போகும். முறையான விநியோகஸ்தரிடம் அப்போது கையிருப்பு இல்லை, வாரக்கணக்கில் காத்திருக்கச் சொன்னார்கள். செமஸ்டர் நெருங்கிவிட்டது. அப்போதுதான் வெளிநாட்டிலிருந்து ஐசி (சிப்) தருவித்துக் கொடுக்கும் ஒரு வியாபாரியிடம் போனேன். பெயர் போடவில்லை, விவகாரம் வக்கீலிடம் இருக்கிறது.

அவர் ஆபீஸில் நடந்ததைச் சொல்லியே ஆக வேண்டும். காபி வந்தது. ஊர் எது என்று கேட்டார். காங்கேயம் பக்கம் என்றேன். "அட, எங்க அம்மிச்சி ஊரும் அங்கதானுங்க தம்பி" என்றார். அப்புறம் வெள்ளி நிறப் பையை மேஜை மேல் வைத்துக் கத்தரித்தார். உள்ளே கறுப்புத் தட்டு, ஈரப்பதம் காட்டும் அட்டை, சிலிக்கா ஜெல் பொட்டலம், தட்டில் வரிசையாக 30 சிப். ஒவ்வொன்றிலும் ஏடி9779ஏ என்று பளிச்சென்று அச்சு. ஒன்று 6,200 ரூபாய். "பழுதுன்னா அப்படியே திருப்பிக் கொடுங்க, நான் எங்கீங்க ஓடிப்போறேன்?" என்றார். கொட்டேஷனிலும் முழு நம்பர் இருந்தது. அங்கேயே 1,86,000 ரூபாயை வங்கிக் கணக்குக்கு மாற்றினேன்.

போர்டு ஓடியது. ஓடியதுதான் கொடுமை! ஒரு கேரியர் (தகவலைச் சுமந்து போகும் அலை) போட்டால் சுத்தமாக வந்தது. பெரிய கேரியருக்குப் பக்கத்தில் மிகச் சிறிய கேரியரை அனுப்பும் பரிசோதனையில்தான் சிக்கியது. திரையில் தனித்தனியாக நிற்க வேண்டிய சின்னதன் புள்ளிகள் கலங்கி அப்பிக்கொண்டன. கிளாக்கை மாற்றினேன், பவர் சப்ளையை மாற்றினேன், ஃபில்டரைப் பிரித்துப் போட்டேன். இரைச்சல் அசையவில்லை.

கடைசியில் இன்டர்போலேஷனை (சாம்பிள்களுக்கு நடுவே சிப்பே கணக்கிட்டு நிரப்புவதை) அணைத்துவிட்டு, 16 பிட்டில் கீழ் 4 பிட்டை மட்டும் ஆட்டி ஒரு சைன் அலை கொடுத்தேன். நிஜ 16 பிட் சிப் என்றால் எவ்வளவு சிறியதானாலும் அனலைசரில் (சிக்னலை அலைவரிசை வாரியாகக் காட்டும் கருவியில்) ஒரு கோடு எழும்ப வேண்டும். ஒன்றுமே இல்லை. கல்லூரியில் இருந்த பழைய ஒரிஜினல் போர்டில் அதே எண்களைக் கொடுத்தால் கோடு ஜம்மென்று நிற்கிறது.

பஞ்சில் அசிட்டோன் தொட்டுச் சிப்பின் தலையில் தேய்த்தேன். பஞ்சு கறுத்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் கறுப்புப் பூச்சுக்கு அடியில் ஒரே திசையில் ஓடும் மெல்லிய கீறல்கள், உப்புத்தாள் போட்டுத் தேய்த்த தடம். ஒரு சிப்பில் பழைய அச்சு முழுதாகப் போகவில்லை. 9776 என்று படிக்க முடிந்தது. அது அதே குடும்பத்துத் தம்பி. அதே 100 கால், அதே அளவு, ஆனால் 12 பிட். 16 பிட்டின் 65,536 படிகளுக்குக் காசு வாங்கிக்கொண்டு, 12 பிட்டின் 4,096 படி உள்ளதைக் கொடுத்திருக்கிறார். ஏழரை ஹெச்.பி. மோட்டாரில் பத்து ஹெச்.பி. பிளேட் அடித்து விற்பது மாதிரி. அதுவும் புதிதல்ல. அடிப்பக்கப் பட்டையில் பழைய ஈயம் ஒட்டியிருந்தது, ஏதோ கழித்துப்போட்ட போர்டிலிருந்து பிடுங்கியது.

வியாபாரிக்குப் போன் செய்தேன். முதலில் "உங்க டிசைன்ல கோளாறுங்க தம்பி." ஒரிஜினல் போர்டின் படத்தை அனுப்பியதும் "நீங்க கையில எடுக்கறப்ப ஸ்டாட்டிக் அடிச்சிருக்கும்." ஸ்டாட்டிக், அதாவது நிலைமின்சாரம், அடித்தால் அச்சு மாறுமா? அதற்குப் பதில் இல்லை. பிறகு "சப்ளையர்கிட்டக் கேட்டிருக்கேன்", "ஆடி முடியட்டுங்க". அப்புறம் அவர் எடுப்பதே இல்லை, ஒரு பையன் எடுத்து "ஓனர் வெளியூர்ல" என்கிறான். வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும் விழுகிறது. நேரில் போனபோது பில்லை நீட்டி, "இதுல எங்கீங்க அந்த நம்பர் இருக்கு?" என்று கேட்டார். பணம் போன பிறகு கொடுத்த பில்லில் 'ஐசி – 30' என்று மட்டும் அடித்திருந்தார்கள். அம்மிச்சி ஊர் பேச்செல்லாம் அன்றைக்கு வரவில்லை.

1915 நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசினேன். வணிகத்துக்காக வாங்கிய பொருள் நுகர்வோர் சட்டத்துக்குள் வராது, சொந்தப் பிழைப்புக்குச் சுயதொழில் செய்கிறவருக்கு மட்டும் விலக்கு உண்டு. என் வழக்கு எதில் வரும் என்று வக்கீல் பார்க்கிறார். சொன்ன விவரத்துக்குப் பொருள் ஒத்திருக்க வேண்டும் என்று 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் சொல்கிறது, கொட்டேஷன் கையில் இருக்கிறது.

விளக்கமாக எழுத நினைத்தேன், இப்போது மனசு ஓடவில்லை. சுருக்கமாக: பில்லில் முழு நம்பரும் தேதிக் குறியீடும் (சிப் எப்போது தயாரானது என்பது) வராமல் பணம் போடாதீர்கள். ஒரு சிப்பை முதலில் வாங்கி அசிட்டோன் போட்டுப் பாருங்கள், அடிப்பட்டையைப் பாருங்கள். கீழ் பிட் சோதனையைச் செய்யாமல் மொத்தத்தையும் போர்டில் ஏற்றாதீர்கள். மூடிய பையை நம்பாதீர்கள், பையையும் அட்டையையும் யார் வேண்டுமானாலும் வாங்கி ஒட்டலாம்.

நேற்று அந்த வியாபாரி ஒருத்தரை அனுப்பி, பாதி தருகிறேன், பேசாமல் விடச் சொல்கிறார். முடியாது. 1,86,000 ரூபாயும் வர வேண்டும், நோட்டீஸ் திங்கட்கிழமை போகிறது.