இடுப்பு எலும்பு உடைஞ்ச வயசானவங்களுக்கு ஆபரேஷனைத் தள்ளிக்கிட்டே போனா சும்மா இருக்காதீங்க

எங்க மாமியார் வழுக்கி விழுந்து இடுப்பு மூட்டுக்கிட்ட தொடை எலும்பு முறிஞ்சுபோச்சு. அட்மிட் பண்ணின ஆஸ்பத்திரி பேரை சொல்லல, ஆனா அங்க நடந்ததை சொல்லியே ஆகணும். முதல்ல எக்கோ (இதயத்துக்கு எடுக்கற ஸ்கேன்) எடுக்கணும்னாங்க, அப்புறம் ஹார்ட் டாக்டர் பாக்கணும், அப்புறம் லீவு, அப்புறம் "ஆபரேஷனைத் தாங்குவாங்கன்னு இன்னும் ஃபிட்னஸ் வரல", சரி எதை சரி பண்றீங்க, எப்போ சரியாகும்னு கேட்டா ஒருத்தர்கிட்டயும் பதில் இல்ல. கடைசில நர்ஸம்மா ஒருத்தங்கதான் சொன்னாங்க, ஆபரேஷன் பண்ற டாக்டர் ஊர்லயே இல்லையாம்!

அதுவரைக்கும் கால்ல வெயிட்டைக் கட்டித் தொங்கவிட்டு படுக்க வச்சிருந்தாங்க. ஆபரேஷனுக்கு முன்னாடி அப்படி வெயிட் போட்டா வலி குறையும்னு நிரூபணமே ஆகல, வலிக்கு நெர்வ் பிளாக் ஊசி (அந்த இடத்து நரம்பை மரத்துப்போக வைக்கறது) இருக்கு, அந்தப் பேச்சையே யாரும் எடுக்கல. தெளிவா பேசிட்டிருந்த மனுஷி ராத்திரியெல்லாம் செத்துப்போன மாமாவைக் கூப்பிட ஆரம்பிச்சாங்க, ட்ரிப்ஸைப் பிடுங்கினாங்க, முதுகுல படுக்கைப் புண், நெஞ்சுல சளி. கேட்டா "வயசாச்சுல்ல மேடம்".

வயசு மட்டும் காரணம் இல்லைங்க. பிரிட்டன்ல சிகிச்சை வழிமுறைகளை வகுக்கற நைஸ் அமைப்பு 2011லயே சொல்லிடுச்சு, சேர்த்த அன்னிக்கோ மறுநாளோ ஆபரேஷன் பண்ணணும்னு, அமெரிக்க எலும்பு டாக்டர்கள் சங்கம் 24ல இருந்து 48 மணி நேரம்ங்குது. அதுக்காக ராத்திரியோட ராத்திரியா பண்ணியே ஆகணும்னு சண்டை போடாதீங்க, லான்செட்ங்கற மருத்துவ இதழ்ல 2020ல வந்த பெரிய ஆய்வுல சுமார் 6 மணி நேரத்துல பண்ணினவங்களுக்கும் 24 மணி நேரத்துல பண்ணினவங்களுக்கும் இறப்புல பெரிய வித்தியாசம் இல்ல, மனக்குழப்பம் குறைஞ்சுது, சீக்கிரம் எழுந்து நின்னாங்க, அவ்ளோதான். நாள் கணக்குல இழுக்கறதுதான் ஆபத்து.

நியாயமான காரணமும் இருக்கு, ரத்தம் ரொம்ப கம்மி, சோடியம் பொட்டாசியம் கோளாறு, ஹார்ட் ஃபெயிலியர், ரத்தம் உறையாம இருக்க போடற மாத்திரை. ஆனா அதையெல்லாம் உடனே சரி பண்ண ஆரம்பிக்கணும், அந்த மாத்திரை வார்ஃபரின்னா வைட்டமின் கே குடுத்து அதோட வேலையை முறிக்கலாம், ரத்தக்கட்டி வராம இருக்க குடுக்கற குளோபிடோக்ரெல் மாத்திரைக்காக ஒரு வாரம் காத்திருக்கறதெல்லாம் பொதுவா தேவையே இல்ல. அதனால என்ன காரணம், யார் பாக்கறாங்க, எப்போ முடியும்னு கேஸ் ஷீட்ல (நோயாளியோட சிகிச்சைக் குறிப்புத் தாள்) எழுதச் சொல்லுங்க, எழுதலன்னா உடனே வேற இடம் பாருங்க.

நாங்க மாத்தின இடத்துல மறுநாளே ஆபரேஷன், அதுவும் பழைய எக்கோ ரிப்போர்ட்டை வச்சே. முதல் ஆஸ்பத்திரி சும்மா படுக்க வச்ச நாளுக்கெல்லாம் சர்ஜன் ஃபீஸும் சேர்த்து பில் போட்டிருந்துது, அது தனிக் கதை.