16,000 கிலோமீட்டரில் நழுவிய கிளட்ச்: இரண்டரை வருடம் ஓட்டியபின் எழுதுகிறேன்

முதல் அறிகுறி தொப்பூர் கணவாயில் தெரிந்தது. பொங்கல் முடிந்து சேலத்திலிருந்து பெங்களூரு திரும்பிக்கொண்டிருந்தோம். வண்டியில் அப்பா, அம்மா, மகள். டிக்கி நிறைய அரிசியும் தேங்காயும். ஏற்றத்தில் ஒரு லாரியைத் தாண்ட நாலாவது கியரிலேயே ஆக்ஸிலேட்டரை மிதித்தேன். ஆர்பிஎம் முள் 2,500-லிருந்து 3,500-க்குத் தாவியது. வேகம் 65-ஐ விட்டு அசையவில்லை. கிளட்ச் நழுவினால் இப்படித்தான்: இன்ஜின் சுற்றும், இழுவை சக்கரத்துக்குப் போய்ச் சேராது. காலை எடுத்ததும் முள் இறங்கிவிட்டது. வண்டியில் யாருக்கும் தெரியவில்லை, எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

1.2 லிட்டர் பெட்ரோல், மேனுவல். அப்போது வாங்கிப் பதினாலு மாதம், 16,000 கி.மீ. ஓடியிருந்தது. தினமும் ஹலசூரிலிருந்து எலக்ட்ரானிக் சிட்டி போய் வருகிறேன். சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து போகிற வண்டிக்கு கிளட்ச் சீக்கிரம் தேயும் என்பது தெரிந்ததுதான். ஆனால் அதே ரோட்டில் அறுபதாயிரம் கி.மீ. தாண்டியும் கிளட்ச் மாற்றாதவர்கள் என் ஆபீஸிலேயே இருக்கிறார்கள்.

அடுத்த இரண்டு வாரம் எல்லாவற்றையும் போனில் குறித்து வைத்தேன். பேஸ்மென்ட் பார்க்கிங்கில் ரிவர்ஸ் எடுக்கும்போது வண்டி உதறியது. குளிர்ந்த இன்ஜினில் நழுவவில்லை. அரை மணி நேரம் ஓடிச் சூடான பிறகுதான். ஒரு ஞாயிறு காலை ஆறு மணிக்கு, ரோடு காலியாக இருந்தபோது, நாலாவது கியரில் 50-ல் போய் ஆக்ஸிலேட்டரை முழுக்க அழுத்திப் பார்த்தேன். முள் மட்டும் ஏறியது. முதல் கியரில் நழுவல் தெரியாது, வண்டி சுலபமாக முன்னால் ஓடிவிடும். பெரிய கியரில்தான் இன்ஜினின் முழு இழுவையையும் கிளட்ச் தாங்க வேண்டியிருக்கும். இந்தச் சோதனையை ஒன்றிரண்டு தடவைக்கு மேல் செய்யாதீர்கள், அதுவே கிளட்ச் பிளேட்டை, அதாவது இன்ஜினோடு உரசிப் பிடிக்கும் தகட்டை, சுட்டுவிடும்.

இன்னொன்றும் குறித்திருந்தேன். பிளேட் தேய்ந்தால் பெரும்பாலும் பெடல் கனக்கும், அல்லது கால் நன்றாக மேலே வந்த பிறகுதான் பிடிக்கும். என் பெடலில் துளி மாற்றம் இல்லை. மிதிக்கும்போது சத்தமும் இல்லை, அதனால் மிதிக்கும்போது கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங் மேல் சந்தேகம் வரவில்லை. கியர் விழுவதிலும் சிக்கல் இல்லை. கியர் இறுகி, பெடலை இரண்டு தடவை அடித்து மிதித்தால் சரியாகிறது என்றால் அது வேறு நோய்: பெடல் அழுத்தத்தைக் கிளட்சுக்குக் கொண்டுபோகும் ஹைட்ராலிக் லைனில் காற்று புகுந்திருக்கும், அல்லது எண்ணெய் கசியும்.

சர்வீஸ் சென்டரில் அட்வைசர் வண்டியைத் தெருவில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தார். "வீட்ல சார் ஓட்றாரா, நீங்களா மேடம்?" நான்தான் என்றேன். "ஹாஃப் கிளட்ச்ல ஓட்றீங்க. வேர் அண்ட் டியர், வாரண்டில வராது." கையில் 14,000 ரூபாய் எஸ்டிமேட். எதையும் பிரித்துப் பார்க்காமலே தீர்ப்பு. பன்னிரண்டு வருடமாக இந்த ஊரில் ஓட்டுகிறேன். கிளட்ச் மேல் காலை வைத்தபடி ஓட்டும் பழக்கம் எனக்குக் கிடையாது. இதை எழுதும்போதும் கோபம் வருகிறது.

வண்டியை ஹலசூரில் எங்களுக்குப் பழக்கமான மெக்கானிக் அண்ணாவிடம் கொண்டுபோனேன். தூக்கி நிறுத்தி டார்ச் அடித்தார். இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில், கீழே ஒரு சின்ன ஓட்டை. அதன் விளிம்பில் கறுப்பாக ஒரு சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது. விரலில் தொட்டு மோந்து பார்த்தார், என்னிடமும் நீட்டினார்.

"கியர் ஆயில்னா கந்தக நாத்தம் அடிக்கும்மா. இது இன்ஜின் ஆயில். கிராங்க், அதான் இன்ஜின் சுத்துற தண்டு, அதுக்குப் பின்னாடி எண்ணெயைத் தடுக்கிற சீல் ஒழுகுது. பிளேட்ல எண்ணெய் பட்டா நழுவாம என்ன பண்ணும்? உன் கால் செஞ்ச வேலை இல்ல இது."

"நீங்களே பிரிச்சுப் பாத்துடுங்கண்ணா."

"நான் கை வச்சா வாரண்டி இல்லம்பான். அவங்களையே பிரிக்கச் சொல்லு. நீ பக்கத்துல நில்லு."

மறுபடி சர்வீஸ் சென்டருக்குப் போய், ஆயில் கசிவு என்று ஜாப் கார்டில் (வேலை விவரச் சீட்டு) எழுதி வாங்கினேன். கியர்பாக்ஸ் இறக்கும்போது பக்கத்தில் நின்றேன். பிளேட் வெளியே வந்தது. தேய்ந்துபோன பிளேட்டில் லைனிங், அதாவது உரசும் மேல்பட்டை, அதைப் பிடித்திருக்கும் ரிவெட் தலை மட்டத்துக்கு இறங்கியிருக்கும். இதில் ரிவெட்டுகள் நல்ல ஆழத்தில் இருந்தன; லைனிங்கில் வெட்டிய கோடுகள்கூட அழியவில்லை. ஆனால் கால்வாசி வட்டம் கருகி, தார் பூசியதுபோல் மினுங்கியது. பிளேட் அழுந்திப் பிடிக்கும் இன்ஜின் சக்கரமான ஃப்ளைவீலில் சூட்டுக்கு நீலம் பாய்ந்த திட்டுகள். எல்லாவற்றையும் போட்டோ எடுத்தேன்.

சீல் வாரண்டியில் வரும், பிளேட்டுக்குக் காசு என்று ஆரம்பித்தார்கள். சீல் ஒழுகியதால்தானே பிளேட் கெட்டது என்று போட்டோக்களோடு கம்பெனிக்கு மெயில் போட்டேன். பத்து நாள் இழுத்தடிப்புக்குப் பிறகு சீல், பிளேட், அதை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட் மூன்றும் இலவசமாக மாறின. ஃப்ளைவீலையும் தேய்த்துச் சமமாக்கச் சொன்னேன். அதை விட்டிருந்தால் புது பிளேட்டிலும் உதறல் தொடர்ந்திருக்கும்.

இப்போது 34,000 கி.மீ. அதே ரோடு, அதே சில்க் போர்டு, அதே கால். போன மாதம் சேலத்திலிருந்து திரும்பும்போது தொப்பூர் ஏற்றத்தில் நாலாவது கியரில் முழுக்க அழுத்தினேன். முள்ளும் வேகமும் சேர்ந்தே ஏறின. ஒவ்வொரு சர்வீஸிலும் வண்டியைத் தூக்கியதும் அந்த ஓட்டையில் ஒரு டிஷ்யூவைச் சுருட்டி விட்டுத் துடைத்துப் பார்க்கிறேன். கடைசியாகப் பார்த்தபோது தூசிதான் ஒட்டியிருந்தது.