உருண்டையா, குச்சியா, ஓடுதக்கையா?

புளூகில், கிராப்பி, மஞ்சள் பெர்ச் மாதிரியான சின்ன நன்னீர் மீன்களைத் தூண்டிலில் தக்கை (மீன் கடிப்பதைக் காட்டும் மிதவை) போட்டுப் பிடிக்கிறவர்கள் எந்தத் தக்கை நல்லது என்று சண்டை போடுவதைப் பார்த்திருப்பீர்கள். முதலில் கேட்க வேண்டியது, மீன் எத்தனை அடி ஆழத்தில் நிற்கிறது என்பதைத்தான். அதற்குப் பதில் தெரிந்தால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

சிவப்பும் வெள்ளையுமான பிளாஸ்டிக் உருண்டையில் ஆரம்பிப்போம். பொத்தானை அழுத்தி, எட்டிப் பார்க்கும் கம்பிக் கொக்கியில் தூண்டில் நரம்பை மாட்டினால் வேலை முடிந்தது. சிறுவர்கள் கையில் கொடுக்க இதைவிட எளிதானது கிடையாது. பிரச்சினை, மீன் அதைக் கீழே இழுக்கப் படும் பாடு. புளூகிலின் வாய் மிகச் சின்னது. இரையை உறிஞ்சிப் பார்க்கும், ஏதோ இழுக்கிறது என்று பட்டால் துப்பிவிடும். மேலே உருண்டை இரண்டு தடவை நடுங்கிவிட்டுச் சும்மா நிற்கும். தூக்கிப் பார்த்தால் தூண்டில் முள் இரையில்லாமல் மொட்டையாக இருக்கும். ஆனால் இதில் வடிவத்தைவிட அளவுக்குத்தான் பங்கு அதிகம். எலுமிச்சம்பழம் அளவுக்கு வாங்கி மாட்டிவிட்டு உருண்டையே ஆகாது என்பது நியாயமில்லை. முக்கால் அங்குல உருண்டை எவ்வளவோ மேல். இன்னொரு குறை, அந்தக் கம்பி மெல்லிய நரம்பை மடித்துப் பழுதாக்கும்.

குச்சித் தக்கைதான் எனக்குப் பிடித்தது. ஒல்லியாக இருப்பதால் லேசான கடிக்கும் உள்ளே போய்விடும். ஆனால் அப்படியே கட்டி வீசினால் பாதி ஆதாயம் போச்சு. சின்னச் சின்ன ஈயக்குண்டுகளை ஒவ்வொன்றாக நரம்பில் அழுத்தி மாட்டி, நுனி மட்டும் தண்ணீருக்கு மேல் தெரியும்வரை தக்கையை இறக்க வேண்டும். அப்போதுதான் இன்னொரு வகைக் கடியும் கண்ணில் படும். கிராப்பி பெரும்பாலும் கீழிருந்து மேலே வந்து இரையை எடுக்கும். ஈயத்தின் எடை மீனின் வாய்க்குப் போய்விடுவதால் தக்கை மூழ்காது, உயரும், சில சமயம் படுத்தே விடும். உருண்டையில் இது கிட்டத்தட்டத் தெரியவே தெரியாது. சரி, காற்றடித்து அலை எழும்பினால்? அந்த மெல்லிய நுனி அலையில் மறைந்து மறைந்து கண்ணைப் பூக்க வைக்கும். அந்த நாளில் கொஞ்சம் பருமனான தக்கைதான் சரி.

இரண்டுக்கும் பொதுவான தடை ஒன்று உண்டு. நரம்பில் ஓரிடத்தில் நிலையாக நிற்கும் தக்கை, தூண்டில் கம்பின் நுனி வளையத்தில் முட்டியதும், அதற்கு மேல் நரம்பைச் சுற்ற முடியாது. 6 அடிக் கம்பை வைத்துக்கொண்டு முள்ளுக்கும் தக்கைக்கும் நடுவே 10 அடி விட்டால், வீசுவதும் பாடு, மீனைக் கைக்குக் கொண்டுவருவதும் பாடு.

ஓடுதக்கை அந்த இடத்துக்காகவே வந்தது. நரம்பு தக்கையின் நடுவே ஓடும். வேண்டிய ஆழத்தில் நூலால் ஒரு தடுப்பு முடிச்சு, அதற்குக் கீழே துளையுள்ள ஒரு பாசிமணி. முடிச்சு வளையங்களுக்குள் புகுந்து ரீலில் சுற்றிக்கொள்ளும், அதனால் 15 அடி ஆழத்துக்கும் சாதாரணமாக வீசலாம். விழுந்ததும் தக்கை படுத்துக் கிடக்கும்; நரம்பு ஓடி முடிந்து முடிச்சு மணியில் முட்டியதும் எழுந்து நிற்கும். எழவே இல்லையென்றால் இரை தரையைத் தொட்டுவிட்டது, அல்லது ஈயம் போதாமல் நரம்பு ஓடாமல் நிற்கிறது. எடை குறைந்த இரையோடு இந்த இரண்டாவது தொல்லை அடிக்கடி வரும். மணியின் துளை பெரிதாக இருந்தால் முடிச்சு அதற்குள் நழுவிவிடும், அதையும் பார்த்து வாங்குங்கள்.

ஆக, புளூகில் கரையோரம் முட்டையிட வந்திருக்கும் நாட்களில் இரண்டு மூன்று அடி ஆழத்துக்கு ஓடுதக்கை வீண் வேலை, குச்சியே போதும். கோடையில் அவை ஆழத்துக்கு இறங்கியதும் ஓடுதக்கைக்கு மாறுங்கள். கிராப்பிக்கு முடிச்சை வைக்கும்போது மீன் நிற்கும் ஆழத்துக்கு ஓரடி மேலேயே இரை தொங்கட்டும். அதன் கண் மேல்நோக்கியே இருக்கும், கீழே போன இரையைத் தேடி இறங்குவது அபூர்வம்.