லாங் ரன்னுக்கு எந்த ஜெல்? மௌர்டன், கூ, எஸ்ஐஎஸ் மூன்றும் ஒரு பார்வை

ஓடும்போதே சக்திக்காகப் பிரித்து விழுங்கும் சின்னச் சர்க்கரைப் பாக்கெட்தான் எனர்ஜி ஜெல். 10 கி.மீ. ஓட்டத்தில் எந்த ஜெல்லும் நல்ல ஜெல்தான். ஒன்றோடு வேலை முடிந்துவிடும், சில நேரம் அதுவும் தேவைப்படாது. மாரத்தான் பயிற்சியில் வரும் 30 கி.மீ. லாங் ரன்னில்தான் ஜெல்லின் குணம் வெளியே வரும். ஆறாவது பாக்கெட்டைப் பிரிக்கும்போது வயிறு ஏற்றுக்கொள்கிறதா, குமட்டுகிறதா? மௌர்டன் ஜெல் 100, கூ எனர்ஜி ஜெல், எஸ்ஐஎஸ் கோ ஐசோடானிக் ஜெல் மூன்றையும் அந்த இடத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். சுவை அப்புறம்.

முதலில் கணக்கு. கிலோமீட்டருக்கு 6 நிமிடம் 30 நொடி என்ற வேகத்தில் 30 கி.மீ. ஓட 3 மணி 15 நிமிடம் ஆகும். முதல் ஜெல்லை 30ஆவது நிமிடத்திலும், பிறகு 25 நிமிடத்துக்கு ஒன்றாகவும் எடுத்தால், 180ஆவது நிமிடத்தில் ஏழாவது ஜெல். மௌர்டன் ஒரு பாக்கெட் 40 கிராம், அதில் மாவுச்சத்து 25 கிராம். ஏழுக்கு 175 கிராம் மாவுச்சத்து; சுமக்கும் எடை 280 கிராம். கூ பாக்கெட் 32 கிராம்தான். மாவுச்சத்து 22 கிராமை ஒட்டி வரும். ஏழையும் சேர்த்தாலும் 224 கிராம் எடைதான். எஸ்ஐஎஸ் ஒன்று 60 மி.லி., அதில் 22 கிராம். ஏழு பாக்கெட் என்றால் 420 மி.லி.; சின்ன இடுப்புப் பட்டையில் அடங்காது, குதித்துக்கொண்டே வரும். இந்த இடைவெளியில் மௌர்டன் மணிக்கு 60 கிராம் கொடுக்கும், மற்ற இரண்டும் 53 கிராம் அளவில் நிற்கும்.

பருமனில் தோற்கும் எஸ்ஐஎஸ், தண்ணீர் விஷயத்தில் ஜெயிக்கிறது. ஏற்கெனவே நீர்த்த ஜெல் என்பதால் மேலே தண்ணீர் குடிக்காமலே விழுங்கலாம். வழியில் தண்ணீர் கிடைக்காத பாதையில் ஓடுபவருக்கு இது பெரிய வசதி. பிரிக்கும்போது மட்டும் கவனம் வேண்டும்: திரவமாக இருப்பதால், நடுவில் அழுத்திப் பிடித்துக்கொண்டு கிழித்தால் பாதி கையில் வழியும். மேல் ஓரத்தைப் பிடித்துக் கிழித்து, அடியிலிருந்து மேல்நோக்கி அழுத்த வேண்டும்.

கூ இதற்கு நேரெதிர். கெட்டியானது, குளிர் காலையில் இன்னும் கெட்டிப்படும். கூடவே 100 முதல் 150 மி.லி. வெறும் தண்ணீர் குடித்தே ஆக வேண்டும். இங்கேதான் பலருக்குச் சிக்கல் தொடங்குகிறது: தண்ணீருக்குப் பதில் ஸ்போர்ட்ஸ் டிரிங்க் குடிக்கிறார்கள். 100 மி.லி.க்கு 6 கிராம் சர்க்கரை உள்ள பானத்தில் 150 மி.லி. குடித்தால், ஜெல்லின் 22 கிராமோடு இன்னும் 9 கிராம் சேரும். அவ்வளவு அடர்த்தியான கரைசல் வயிற்றைவிட்டு இறங்கத் தாமதமாகும். குடலுக்குப் போனதும் சர்க்கரையை நீர்க்கச் செய்ய உடலிலிருந்து தண்ணீர் குடலுக்குள் இழுக்கப்படும். உப்புசம், வயிற்றுப் பிடிப்பு, அவசரமாகக் கழிப்பறை தேடுவது எல்லாம் அதன் விளைவு. பழி ஜெல்மேல் விழும். குற்றம் பெரும்பாலும் ஜோடி சேர்த்ததில் இருக்கும்.

மௌர்டன் சோடியம் ஆல்ஜினேட் கலந்த ஹைட்ரோஜெல், அதாவது தண்ணீரைத் தனக்குள் பிடித்துவைத்திருக்கும் ஜெல்லி. குழம்புபோல் இல்லாமல் ஜெல்லித் துண்டாக வாய்க்குள் வரும், கை பிசுபிசுக்காது. தனிச் சுவை சேர்க்காததால் ஏழாவது பாக்கெட்டிலும் திகட்டுவதில்லை. உண்மையில் இதன் பெரிய பலம் இதுதான். ஹைட்ரோஜெல் வயிற்றுக்கு இதம், வேகத்தைக் கூட்டும் என்ற விளம்பரத்தை அப்படியே நம்ப வேண்டியதில்லை. அதுபற்றிய ஆய்வு முடிவுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. 2019இல் வியன்னாவில் மாரத்தான் தூரத்தை 1:59:40 நேரத்தில் ஓடிய கென்ய வீரர் கிப்சோகேயும் மௌர்டன்தானே எடுத்தார் என்பார்கள். அவருக்குச் சைக்கிளில் வந்து கையில் கொடுத்தார்கள், இடுப்பில் கட்டிச் சுமக்கவில்லை. மூன்றில் விலை கூடியதும் இதுவே.

மாவுச்சத்தின் வகையும் முக்கியம். குளுக்கோஸை மட்டும் நம்பினால் குடல் மணிக்குச் சுமார் 60 கிராமுக்கு மேல் உறிஞ்சாது. பிரக்டோஸ் வேறு வழியாக உள்ளே போவதால், இரண்டும் கலந்திருந்தால் பழகிய வயிறு 90 கிராம் வரை தாங்கும். மௌர்டனிலும் கூவிலும் பிரக்டோஸ் உண்டு. எஸ்ஐஎஸ் ஐசோடானிக்கில் இருப்பது மால்டோடெக்ஸ்ட்ரின். அது உடைந்து குளுக்கோஸாகத்தான் மாறும். மணிக்கு 45, 50 கிராம் எடுப்பவருக்கு இதனால் ஒரு குறையும் இல்லை. அதற்கு மேல் போக நினைப்பவர் அதே நிறுவனத்தின் பீட்டா ஃபியூவல் ஜெல்லைப் பார்க்கலாம்: அதே 60 மி.லி.யில் 40 கிராம், பிரக்டோஸும் கலந்தது.

உப்புக்காக ஜெல்லை நம்ப வேண்டாம். கூவில் சுவையைப் பொறுத்து 55 முதல் 125 மி.கி. வரை சோடியம் இருக்கும், மற்ற இரண்டிலும் அதைவிடக் குறைவு. ஒரு லிட்டர் வியர்வையில் பல நூறு மில்லிகிராம் வெளியேறும்போது இது எந்த மூலைக்கு? வெயிலில் ஓடினால் சோடியத்துக்குத் தனி ஏற்பாடு வேண்டும்.

காஃபினைப் பாக்கெட்டில் படித்துவிட்டு வாங்குங்கள். கூவில் சில சுவைகளில் அது இல்லை, பலவற்றில் 20 மி.கி., சிலவற்றில் 40 மி.கி. பார்க்காமல் ஏழும் 40 மி.கி. வகையாகப் போனால் 280 மி.கி. ஆகிவிடும். மௌர்டனின் கேஃப் 100 ஒன்றிலேயே 100 மி.கி. உண்டு. 30 கி.மீ. ஓட்டத்தில் அதை 18, 20 கி.மீ. வாக்கில் ஒன்று எடுத்தால் கடைசிப் பகுதிக்கு உதவும். குடலையும் அது தூண்டும் என்பதால் முதல் தடவை வீட்டைச் சுற்றிய பாதையில் சோதிப்பது நல்லது.

எந்த ஜெல்லானாலும் முதல் வாரமே ஏழு வேண்டாம். மணிக்கு 30 கிராமில் தொடங்கி, வாராவாரம் லாங் ரன்னில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினால் குடல் பழகும். களைப்பு வந்தபின் எடுப்பது தாமதம். கடிகாரத்தில் 25 நிமிட அலாரம் வைத்துக்கொள்ளலாம். ஒரே மடக்கில் குமட்டினால் பாதியை இப்போது, மீதியை ஐந்து நிமிடம் கழித்து.

தண்ணீர் கையில் இருந்து, எடை குறைவாக வேண்டுமென்றால் கூ. தண்ணீர் இல்லாத பாதையில் இரண்டரை மணி நேரத்துக்குள் முடியும் ஓட்டத்துக்கு எஸ்ஐஎஸ். இனிப்பு சீக்கிரம் திகட்டுபவருக்கும், மணிக்கு 60 கிராமைத் தொட நினைப்பவருக்கும் மௌர்டன். விலை உறுத்தினால் முதல் நான்கைக் கூவாகவும், நாக்கு சலித்தபின் வரும் கடைசி மூன்றை மட்டும் மௌர்டனாகவும் வைத்துக்கொள்ளலாம். இரண்டையும் கலந்து எடுப்பதில் தடையில்லை, கூ எடுக்கும்போது கூடவே தண்ணீர் வேண்டும் என்பது நினைவிருந்தால் போதும்.