சிஎம்டிஏ நில உபயோகத் தேடல்: எதற்கு உதவும், எங்கே கோட்டை விடும்

சென்னையில் மனை பார்க்கப் போகிறவர்கள் புரோக்கரிடம் முதலில் கேட்பது "அப்ரூவ்டா சார்?" என்றுதான். அதற்கும் முன்னால் கேட்க வேண்டியது, அந்த சர்வே எண் எந்த நில உபயோக மண்டலத்தில் வருகிறது என்பது. இதைச் சொல்ல சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) இணையத்தில் ஒரு தேடல் வசதி இருக்கிறது. கிராமத்தைத் தேர்ந்தெடுத்து சர்வே எண்ணைக் கொடுத்தால் மண்டலத்தின் பெயர் வரும். கூடவே கிராமவாரியாக நில உபயோக வரைபடங்களையும் இறக்கிக்கொள்ளலாம். முதல் வடிகட்டலுக்கு இதைவிட மலிவான வழி இல்லை. ஆனால் பதில் ஒரே வரியில் வருவதால் அதையே அனுமதி என்று எடுத்துக்கொள்கிறவர்கள் நிறைய.

தேடும்போது முதல் சறுக்கல் ஊர்ப்பெயரில். இங்கே வேண்டியது வருவாய் கிராமத்தின் பெயர், பஸ் ஸ்டாப்பின் பெயர் அல்ல. அண்ணாநகரின் ஒரு பகுதிக்கு நடுவக்கரை என்று தேட வேண்டும், துரைப்பாக்கத்துக்கு ஒக்கியம் துரைப்பாக்கம். எல்லையும் குழப்பும். மண்டலங்களை வகுத்த இரண்டாம் மாஸ்டர் பிளானின் பரப்பு 1,189 சதுர கிலோமீட்டர். ஓ.எம்.ஆரில் செம்மஞ்சேரி அதற்குள் வரும், அடுத்த நாவலூர் வராது. பெருநகரப் பகுதியை 5,904 சதுர கிலோமீட்டராக விரிக்க 2022இல் அரசாணை வந்தது என்பதால் புது எல்லைக்குள் இருக்கும் ஊருக்கும் இந்தத் திட்டத்தில் மண்டலம் கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம். 2008இல் ஒப்புதல் பெற்ற திட்டம் பழைய எல்லைக்குத்தான் போடப்பட்டது.

அடுத்தது சர்வே எண். பத்திரத்தில் பழைய எண் இருக்கும். நகர நில அளவை முடிந்த இடத்தில் பட்டாவில் டி.எஸ். எண் (நகர அளவை எண்), பிளாக், வார்டு என்று மாறியிருக்கும். எண் கிடைக்கவில்லை என்றால் பரவாயில்லை, தேடியவர் உஷாராகிவிடுவார். வில்லங்கம், அதே எண் வேறொரு நிலத்துக்குப் பொருந்தி அழகான பதிலாக வந்துவிடுவதுதான். பழைய எண்ணுக்குப் புதிய எண் எது என்று தாலுகா அலுவலகத்தில் தொடர்பு அறிக்கை வாங்கி, பிறகு தேடுங்கள்.

ஒரே சர்வே எண்ணுக்குள் இரண்டு மண்டலம் வரும் இடங்களில் ஒருவரிப் பதிலை நம்பவே கூடாது. சர்வே எண் 112இன் சாலையோரப் பகுதி குடியிருப்பு, பின்பகுதி விவசாயம் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் மனை 112/3பி எந்தப் பக்கம் விழுகிறது? இதற்கு இ-சேவை தளத்திலிருந்து புலப்படத்தை (சர்வே எண்ணின் எல்லை, அளவுகளைக் காட்டும் வரைபடம்) எடுத்து, கிராம நில உபயோக வரைபடத்தின் மேல் பொருத்திப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே அளவுத்திட்டத்தில் இருக்காது. பிரிண்ட் எடுக்கும்போது 'பக்கத்துக்குப் பொருத்து' என்ற டிக் இருந்தால் அச்சிட்ட அளவுத்திட்டமே பொய்யாகிவிடும், அதை எடுத்துவிடுங்கள். புல எல்லைக் கற்கள் இருக்கும் மூலைகளை வைத்துப் பொருத்தினால் ஓரளவு தெளிவு வரும். மண்டல எல்லைக் கோடு மனையின் மேலேயே ஓடுகிறது என்றால் எழுத்துப்பூர்வமாகக் கேட்டு வாங்குவதைத் தவிர வேறு வழியில்லை.

பட்டாவில் 'புன்செய்' என்று போட்டிருப்பதைப் பார்த்து விவசாய மண்டலம் என்று பயப்படுகிறவர்களும் உண்டு. நஞ்சை, புன்செய், நத்தம் எல்லாம் வருவாய்த்துறை வகைப்பாடு. குடியிருப்பு, வணிகம், தொழில், விவசாயம் என்பது திட்டமிடல் மண்டலம். புன்செய் நிலம் முதன்மைக் குடியிருப்பு மண்டலத்தில் இருக்கலாம்; அந்தப் பொருத்தமின்மையில் தவறு ஏதுமில்லை. எதிர்த்திசையில் நடப்பதுதான் ஆபத்து: மண்டலம் குடியிருப்பு என்று வரும், லேஅவுட்டுக்கு அங்கீகாரமே இருக்காது. அப்படிப்பட்ட மனைக்குப் பத்திரப் பதிவிலேயே சிக்கல் வரும்.

'ரீகிளாஸ் போட்டிருக்கு, ரெண்டு மாசத்துல வந்துடும்' என்பது விற்பவர் வழக்கமாகச் சொல்லும் வசனம். நில உபயோக மாற்றம் நகர் ஊரமைப்புச் சட்டம் 1971இன் 32(4) பிரிவின்கீழ் நடப்பது. பத்திரிகை விளம்பரம், ஆட்சேபணை, துறைகளின் கருத்து, குழுமத்தின் முடிவு எல்லாம் தாண்டி அரசிதழில் வர வேண்டும். அரசிதழ் அறிவிக்கை கையில் வரும்வரை அது விவசாய நிலம்தான். விலையும் அந்தக் கணக்கில்தான் பேச வேண்டும்.

இனி இந்தத் தேடல் சொல்லாதவை. சாலை விரிவாக்கக் கோடு அதில் முக்கியம். 40க்கு 60 அடி மனையில் முன்பக்கம் 5 அடி விரிவாக்கத்துக்குப் போனால் 200 சதுர அடி போகும். முன் இடைவெளியையும் புதிய கோட்டிலிருந்துதான் அளப்பார்கள் என்பதால் கட்டிடம் இன்னும் உள்ளே தள்ளும். தளப்பரப்புக் குறியீடு (மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவு) 2 என்று கணக்குப் போட்டு 2,400 சதுர அடிக்கு 4,800 கட்டலாம் என்று சொல்கிறவர் இந்த இடைவெளிகளைச் சொல்ல மாட்டார். மெட்ரோ தடத்தை ஒட்டிய மனை என்றால் மெட்ரோ நிறுவனத்தின் தடையின்மைச் சான்றும் சேர்ந்துகொள்ளும். தெற்கில் பள்ளிக்கரணை பக்கம் போனால் இன்னும் கவனம்: சதுப்புநிலம் ராம்சார் தளமானது (சர்வதேச முக்கியத்துவம் பெற்ற ஈரநிலம்) 2022இல், வரைபடம் 2008இன் வரைபடம். செங்குன்றம் நீர்ப்பிடிப்புப் பகுதி, கிழக்குக் கடற்கரையின் நிலத்தடி நீர் செறிவூட்டும் பகுதி, கடலோர ஒழுங்குமுறை மண்டலம் ஆகியவற்றுக்கும் மண்டலப் பெயரோடு கூடுதல் கட்டுப்பாடு உண்டு. அ-பதிவேட்டில் (கிராமத்தின் வருவாய் நிலப் பதிவேடு) வாய்க்கால், ஏரி என்று இருக்கிறதா என்பதைத் தனியாகப் பார்த்துவிடுங்கள்.

சிறிய வீடு கட்டுகிறவருக்குத் தேடல் நல்ல லாபம். 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறையில் 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை, தரைத்தளமோ அதன்மேல் ஒரு மாடியோ கட்ட உடனடி அனுமதி கிடைக்கிறது. தவறான மண்டலத்தில் சான்று கொடுத்தால் பொறுப்பு விண்ணப்பித்தவர் தலையில். அதனால் விண்ணப்பத்துக்கு முன் இந்தத் தேடலைச் செய்து, பதில் பக்கத்தைத் தேதியோடு பிரிண்ட் எடுத்து, புலப்படத்தோடு சேர்த்துப் பின் பண்ணி வைப்பது உத்தமம்.

ஐந்துக்கு மூன்றரை கொடுக்கலாம். சாலை விரிவாக்கக் கோட்டையும் அரசிதழில் வந்த மாற்றங்களையும் அதே பதிலில் காட்டினால் நாலரை.