வேலை அனுபவத்துக்குக் கிரெடிட் என்று சொல்லிப் பணம் வாங்கும் பயிற்சி மையங்கள்: வேலூர், ராணிப்பேட்டை நண்பர்கள் கவனத்துக்கு

ராணிப்பேட்டை சிப்காட்டில் ஃபிட்டராக வேலை பார்க்கும் நான், காட்பாடிப் பக்கம் இயங்கும் ஒரு தனியார் பயிற்சி மையத்தில் 32,000 ரூபாய் கட்டி ஏமாற்றப்பட்டேன். புகார் விசாரணையில் இருப்பதால் அதன் பெயரை எழுதவில்லை. ஐ.டி.ஐ. முடித்து வேலையில் இருப்பவர்களின் அனுபவத்தையும், ஞாயிறுதோறும் தாங்கள் நடத்தும் ஆறு மாதப் பயிற்சியையும் கிரெடிட்டாக (படித்த நேரத்துக்குக் கிடைக்கும் கல்வி மதிப்பெண் அலகாக) மாற்றி, பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர்த்துவிடுவதாக அவர்கள் உறுதி கூறினார்கள். பயிற்சி முடிந்ததும் பளபளக்கும் முத்திரையுடன் ‘40 கிரெடிட்’ என்று அச்சிட்ட சான்றிதழ் கிடைத்தது. டிஜிலாக்கர் வழியாகக் கிரெடிட் வங்கிக் கணக்கை (மாணவர் பெற்ற கிரெடிட்டுகள் பதிவாகும் இணையக் கணக்கை) திறந்து பார்த்தால் ஒன்றுகூட ஏறவில்லை. சர்வர் கோளாறு என்றார்கள். அவர்களுடைய நோட்டீஸில் பெயர் போட்டிருந்த பல்கலைக்கழகத்தில் விசாரித்தபோது, அப்படி ஒரு மையத்தோடு எந்த ஒப்பந்தமும் இல்லை என்று தெரிவித்தார்கள்.

இந்த மோசடி எளிதில் எடுபடுவதற்குக் காரணம், திட்டம் என்னவோ உண்மையானது என்பதுதான். 2023இல் வெளியான தேசிய கிரெடிட் கட்டமைப்பின்படி பள்ளி, கல்லூரிப் படிப்போடு தொழிற்பயிற்சியும் வேலை அனுபவமும்கூடக் கிரெடிட்டுக்கு உரியவை. ஆனால் 30 மணி நேரக் கற்றலுக்கு ஒரு கிரெடிட் என்பதே கணக்கு. 40 கிரெடிட் பெற 1,200 மணி நேரம் வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் நான்கு மணி நேரம் என்று ஆறு மாதம் நடந்த வகுப்பு ஏறத்தாழ நூறு மணி நேரம்தான், அதாவது மூன்றரைக் கிரெடிட்டைக்கூடத் தொடாது. மீதியை அனுபவத்தில் ஈடுகட்டிவிட்டதாக மையத்தார் சொன்னார்கள். அனுபவமாகவே இருந்தாலும் அங்கீகாரம் பெற்ற அமைப்பு மதிப்பீடு செய்து தேர்ச்சி அளித்த பிறகுதான் அது கிரெடிட் ஆகும், சம்பளச் சீட்டைக் காட்டினால் ஆகாது.

கிரெடிட் வங்கிக்கான யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதிமுறைகள் 2021இல் வந்தன. அதில் பதிவு செய்துள்ள கல்வி நிறுவனம் மட்டுமே கிரெடிட்டை ஏற்ற முடியும். மாணவரோ இடைத்தரகரோ ஏற்ற முடியாது. ஏறிய கிரெடிட்டைக் கொண்டு எந்த ஆண்டில் சேர்ப்பது என்பதையும் நம்மைச் சேர்க்கும் கல்லூரிதான் தீர்மானிக்கும். தொலைநிலைக் கல்வி என்று சொன்னால், யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு வெளியிடும் பட்டியலில் அந்தப் பல்கலைக்கழகமும் அந்தப் படிப்பும் அந்த ஆண்டுக்கு உள்ளனவா என்று பாருங்கள். வெளியார் மையங்களுக்கு உரிமம் கொடுத்துப் படிப்பு நடத்த விதிகளில் இடமே இல்லை. ஐ.டி.ஐ. முடித்தவர்கள் பாலிடெக்னிக் டிப்ளமோவின் இரண்டாம் ஆண்டில் சேரும் வழி பல காலமாகவே இருக்கிறது, அதற்குத் தரகர் எவரும் தேவையில்லை.

சேர்க்கையின்போது அசல் சான்றிதழ்களையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். அங்கீகாரம் பெற்ற கல்லூரிகளே அப்படிச் செய்யக் கூடாது என்று யுஜிசி 2018இல் அறிவித்திருக்கிறது. முதல் தவணையை மையத்தின் கணக்கில் அல்லாமல் ஒரு தனிநபரின் ஜிபே எண்ணுக்கு அனுப்பச் சொன்னதையும் புகாரில் குறிப்பிட்டிருக்கிறேன். சான்றிதழ்கள் திரும்பிவிட்டன, பணம் வரவில்லை. அங்கே பணம் கட்டியவர்கள் ரசீதையும் பணம் அனுப்பிய விவரத்தையும் இணைத்து, திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்வு நாளில் தனித்தனியாக எழுத்தில் மனுக் கொடுத்து ஒப்புகைச் சீட்டு பெற்றுக்கொள்ளவும். மையத்துக்கு நேரில் போய்க் கேட்டவர்களுக்கு ‘அடுத்த மாதம்’ என்பதைத் தவிர வேறு பதில் கிடைக்கவில்லை.