கம்ப்ரஸரா, கையா? வீட்டு ரெக்கார்டிங்கில் சத்தத்தைச் சமன் செய்யும் வழிகள்

ஒரு மைக், ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கின் சத்தத்தை டிஜிட்டலாக்கிக் கம்ப்யூட்டருக்குத் தரும் பெட்டி), ஒரு லேப்டாப். இதை வைத்துக்கொண்டு வீட்டிலேயே கர்நாடக சங்கீதம் ரெக்கார்டு செய்பவர்களுக்கு முதல் தலைவலி சத்தத்தின் ஏற்ற இறக்கம்தான். மந்தர ஸ்தாயி பஞ்சமத்தில் பாடுவது முணுமுணுப்பு மாதிரி இருக்கும். அதே ஆலாபனை சூடு பிடித்து, மேல் ஷட்ஜத்தில் கார்வை நிற்கும்போது மீட்டர் சிவப்பைத் தொடும். இணையத்தில் கிடைக்கும் பாடங்களில் பெரும்பாலானவை பாப், ராக், ராப் ஆட்களுக்காகச் செய்தவை. அவை "ஒரு கம்ப்ரஸரைப் போடு" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடும். கம்ப்ரஸர் என்பது ஓர் அளவைத் தாண்டும் சத்தத்தைத் தானாகவே அமுக்கும் கருவி. ஆலாபனைக்கு அந்த மருந்து அப்படியே ஒத்துப்போகாது.

கம்ப்ரஸருக்கு வருவதற்கு முன்னால் லெவல், அதாவது எவ்வளவு சத்தத்தில் பதிவது என்பது.

ஏற்றி வைப்பதா, இறக்கி வைப்பதா

"சிவப்பைத் தொடாமல், ஆனால் முடிந்தவரை மேலே" என்பது பழைய வழக்கம். டேப் காலத்தில் அதற்குக் காரணம் இருந்தது. சத்தம் குறைவாகப் பதிந்தால் டேப்பின் இரைச்சல் மேலே வந்துவிடும். 16 பிட் டிஜிட்டலிலும் ஓரளவு நியாயம் உண்டு. அதில் மிகச் சின்ன சத்தத்துக்கும் மிகப் பெரிய சத்தத்துக்கும் கணக்குப்படியான இடைவெளி சுமார் 96 டெசிபல். 24 பிட்டில் அதே கணக்கு 144. நல்ல இன்டர்ஃபேஸ்கள் நிஜத்தில் 110 முதல் 120 வரை தருகின்றன. நம் வீட்டு மின்விசிறியும் ஜன்னல் வழியாக வரும் ஆட்டோ சத்தமும் அந்த இன்டர்ஃபேஸின் இரைச்சலைவிடப் பல மடங்கு மேலே உட்கார்ந்திருக்கும். ஆகவே லெவலை இறக்கி வைப்பதால் நஷ்டம் எதுவும் இல்லை. ஏற்றி வைத்தால் நஷ்டம் நிச்சயம் வரும்: டிஜிட்டல் மீட்டரின் உச்சமான பூஜ்யத்தைத் தாண்டிய அலை தட்டையாக வெட்டுப்படும் (இதுதான் கிளிப்பிங்), அப்புறம் அதை முழுசாக மீட்க முடியாது.

குரலுக்கு நான் சொல்லும் அளவு: சராசரி மைனஸ் 18-ஐச் சுற்றி, உச்சம் மைனஸ் 10-ஐத் தாண்டாமல். மிருதங்கத்துக்குச் சராசரியைப் பார்க்கவே வேண்டாம். வலந்தலையில் விழும் ஒரு 'நம்' சராசரியைவிட 15 டெசிபலுக்கு மேல் எகிறும்; உச்சத்தை மட்டும் பாருங்கள். இன்னொன்று. "கொஞ்சம் வாசிங்க சார், லெவல் பார்த்துக்கறேன்" என்றால் எந்த வித்வானும் அடக்கித்தான் வாசிப்பார். தனி ஆவர்த்தனத்தின் கடைசிக் கோர்வையை வாசிக்கச் சொல்லி, அதற்குக் கெயினை (மைக்கின் சத்தத்தைப் பெருக்கும் அளவை) வைத்துவிட்டு, அதிலிருந்தும் மூன்று நான்கு டெசிபல் குறைத்துவிட வேண்டும்.

32 பிட் ஃப்ளோட் என்று ஒரு மூன்றாவது வழி இப்போது இருக்கிறது. 2019-இல் வந்த ஜூம் எஃப்6 போன்ற கருவிகளில், சின்ன சத்தத்துக்கு ஒன்று, பெரிய சத்தத்துக்கு ஒன்று என இரண்டு கன்வெர்ட்டர்கள் (மின் அலையை எண்களாக மாற்றும் பகுதிகள்) சேர்ந்து வேலை செய்கின்றன. கெயினைப் பற்றிக் கவலையே வேண்டாம், பிறகு இறக்கிக்கொள்ளலாம். ஆனால் மைக்கே திணறினால் இதாலும் காப்பாற்ற முடியாது. மின்விசிறிச் சத்தத்தையும் இது குறைக்காது. பாடுபவரும் ரெக்கார்டு செய்பவரும் ஒரே ஆள் என்றால் பணத்துக்கு மதிப்பு உண்டு. பக்கத்தில் ஒருவர் மீட்டரைப் பார்த்துக்கொண்டு இருந்தால் தேவையில்லை.

பதியும்போதே அமுக்குவதா, பிறகா

ஸ்டூடியோக்களில் பதியும்போதே கம்ப்ரஸர் வழியாக அனுப்புவது நீண்ட காலப் பழக்கம். மைக்கின் சத்தத்தைப் பெருக்கும் ப்ரீ-ஆம்பிலிருந்து கன்வெர்ட்டருக்குப் போகும் வழியில் ஒரு நிஜக் கருவி நின்றால் உச்சம் அடங்கித்தான் உள்ளே வரும். பாடகருக்கும் ஹெட்போனில் குரல் கெட்டியாகக் கேட்கும். வீட்டில் பலர் இதையே பிளக்-இன் (ரெக்கார்டிங் மென்பொருளுக்குள் ஓடும் சின்ன மென்பொருள்) வைத்துச் செய்ய நினைக்கிறார்கள். இங்கேதான் ஒரு குழப்பம். பிளக்-இன் இருப்பது கம்ப்யூட்டருக்குள், அதாவது கன்வெர்ட்டருக்குப் பின்னால். கன்வெர்ட்டரில் வெட்டுப்பட்டு வந்த அலையைப் பிளக்-இன் கம்ப்ரஸர் ஒன்றும் செய்ய முடியாது. வெட்டுப்பட்டதன் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்துத் தரும், அவ்வளவே. கிளிப்பிங்குக்கு மருந்து இன்டர்ஃபேஸில் இருக்கும் கெயின் குமிழ்தான்.

நிஜக் கருவியே இருந்தாலும், த்ரெஷோல்டை (எந்த அளவைத் தாண்டினால் அமுக்க வேண்டும் என்பதை) ஒரு முறை தப்பாக வைத்துப் பதிந்துவிட்டால் அந்த டேக் அப்படியேதான் இருக்கும். ஒரு மணி நேரம் பாடிக் குரல் களைத்த பாடகரிடம் "இன்னொரு தடவை" என்று கேட்கிற தைரியம் எனக்கு இல்லை. பிறகு அமுக்கினால் பத்து விதமாக அமுக்கிப் பார்க்கலாம். ஹெட்போனில் கெட்டியாகக் கேட்க வேண்டும் என்றால் நடுவழி ஒன்று உண்டு: கம்ப்ரஸரைக் கேட்பதற்கு மட்டும் போட்டு, பதிவை வெறுமையாக விடுவது. ஆனால் அப்படிக் கேட்கும்போது குரல் சற்றுத் தாமதமாக வரும்: 48 கிலோஹெர்ட்ஸில் பஃபர் (கம்ப்யூட்டர் ஒரு தடவையில் கையாளும் துண்டு) 128 சாம்பிள் என்றால் அந்த ஒரு பஃபருக்கே 2.7 மில்லிசெகண்ட் ஆகும். போக, வர, மற்றதெல்லாம் சேர்த்தால் இன்னும் கூடும். சிலருக்கு அது உறுத்தும். அப்போலோ மாதிரி இன்டர்ஃபேஸ்கள் உள்ளேயே பிளக்-இன்னை ஓட்டி இந்தத் தாமதத்தைக் குறைக்கின்றன, ஆனால் விலை சாதாரண இன்டர்ஃபேஸைவிடப் பல மடங்கு.

மொபைலில் பதிகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பல ரெக்கார்டர் ஆப்கள் தாமாகவே கெயினை ஏற்றி இறக்கும். அதுவும் பதியும்போதே அமுக்குவதுதான், அதுவும் உங்களைக் கேட்காமல். அமைப்புகளில் அணைக்க வழி இருந்தால் முதல் வேலையாக அணையுங்கள்.

கம்ப்ரஸரும் கையும்

உண்மையான போட்டி இங்கேதான். கணக்காகவே பார்த்துவிடலாம்.

மந்தர ஸ்தாயிச் சங்கதி மைனஸ் 24-இல் பதிந்திருக்கிறது. மேல் ஷட்ஜம் மைனஸ் 6. இடைவெளி 18 டெசிபல். அறையில் மின்விசிறி இரைச்சல் மைனஸ் 60. கம்ப்ரஸரில் த்ரெஷோல்ட் மைனஸ் 20, ரேஷியோ 4:1 என்று வைக்கிறோம். மேல் ஷட்ஜம் த்ரெஷோல்டை 14 டெசிபல் தாண்டுகிறது. அதில் நாலில் ஒரு பங்கு, 3.5, மட்டும் வெளியே வரும். ஆக மைனஸ் 16.5. இடைவெளி 7.5 ஆகச் சுருங்கிவிட்டது. நல்லதுதானே? இப்போது மொத்தச் சத்தம் குறைந்துவிட்டதே என்று மேக்-அப் கெயின் 10.5 போடுகிறோம். மேல் ஷட்ஜம் பழைய இடத்துக்கு வருகிறது, மந்தரம் மைனஸ் 13.5. கூடவே மின்விசிறி மைனஸ் 49.5-க்கு ஏறிவிட்டது. பாடகர் மூச்சு வாங்கும் ஒவ்வொரு இடைவெளியிலும் கம்ப்ரஸர் பிடியை விடும். மின்விசிறியும் சுருதிப் பெட்டியும் அலை மாதிரி எழும்பி வரும். தம்புரா சீராக ஓடிக்கொண்டிருக்க வேண்டிய இசையில் இதைவிடக் காதை உறுத்துவது வேறில்லை.

கமகமும் அடிபடும். ரிலீஸை (கம்ப்ரஸர் பிடியை விட எடுக்கும் நேரத்தை) வேகமாக வைத்தால், தோடியின் காந்தாரம் அசைகிற ஒவ்வொரு அசைவுக்கும் கம்ப்ரஸரும் கூடவே ஆடும். மெதுவாக வைத்தால், உச்சத்துக்குப் பின் இறங்கி வரும் நுணுக்கமான பிடிகள் அமுங்கியே கிடக்கும்.

கையால் செய்வது எப்படி? ரீப்பர் என்ற ரெக்கார்டிங் மென்பொருளில் டிராக்கை மூச்சு வாங்கும் இடங்களில் எஸ் விசையால் வெட்டி, துண்டின் மேல் விளிம்பைப் பிடித்து அந்தத் துண்டின் சத்தத்தை மட்டும் மாற்றலாம். மந்தரச் சங்கதியை 7 ஏற்றுங்கள், மேல் ஷட்ஜத்தை 3 இறக்குங்கள்: மைனஸ் 17, மைனஸ் 9. இடைவெளி 8. கம்ப்ரஸர் கொடுத்த அதே பலன் ஏறக்குறைய கிடைத்துவிட்டது. ஏற்றிய துண்டில் மட்டும்தான் மின்விசிறி ஏறும், அதுவும் குரலுக்கு அடியில். கார்வையின் நடுவில் மட்டும் வெட்டாதீர்கள். துண்டின் சத்தம் பிளக்-இன்களுக்கு முன்னால் மாறுவது, ஃபேடர் (முழு டிராக்கின் சத்தத்தை மாற்றும் தள்ளுவிசை) பின்னால் மாறுவது. அதனால் ஃபேடரை ஆட்டுவதைவிடத் துண்டை மாற்றுவது மேல். அடுத்து வரும் கம்ப்ரஸருக்கு ஏற்கெனவே சமனான குரல் போய்ச் சேரும். அதில் ரேஷியோ 2:1, உச்சத்தில் இரண்டு மூன்று டெசிபல் மட்டும் குறைகிற மாதிரி த்ரெஷோல்ட். போதும்.

குறை என்றால் நேரம்தான். பத்து நிமிட ஆலாபனைக்கு அரை மணி நேரமாவது போகும். வாரத்துக்கு ஐந்து பாட்டு வெளியிடுபவருக்கு இது கட்டுப்படியாகாது. அவர் கம்ப்ரஸரை நம்பித்தான் ஆக வேண்டும். மற்றவர்களுக்கு என் ஓட்டு கைக்குத்தான்.

இரண்டையும்விட மலிவான வழி ஒன்று மேடைப் பாடகர்களுக்குத் தெரியும்: மேலே போகும்போது மைக்கிலிருந்து விலகுவது. 10 சென்டிமீட்டரிலிருந்து 20-க்குப் போனால் சுமார் 6 டெசிபல் குறையும். ஆனால் கார்டியாயிட் மைக்கில் (முன்பக்கச் சத்தத்தை அதிகம் வாங்கும் வகை) விலகினால் குரலின் அடிக்கனம் மெலியும், சுவர் எதிரொலியும் சேரும். வெறும் சுவர் உள்ள ஹாலில் பாடுபவர் விலகுவதைவிட முகத்தைச் சற்றே பக்கவாட்டில் திருப்புவது நல்லது.

1176-ஆ, எல்ஏ-2ஏ-வா

பிளக்-இன் பட்டியலைத் திறந்தால் இந்த இரண்டு பழைய கம்ப்ரஸர் கருவிகளின் நகல்கள்தான் வரிசையாக நிற்கும். 1176 பில் புட்னம் வடிவமைத்து 1967-இல் வந்தது. அட்டாக் (அமுக்கத் தொடங்க எடுக்கும் நேரம்) 20 மைக்ரோசெகண்ட் முதல் 800 வரை. அட்டாக் குமிழை வலப்பக்கம் திருப்பினால் வேகம் கூடும், பலருக்கு இது தலைகீழாகத் தோன்றும். எல்ஏ-2ஏ-வின் உள்ளே ஒளிரும் ஒரு தகடும் அதைப் பார்க்கும் ஒளி உணரியும் இருக்கின்றன. அட்டாக் 10 மில்லிசெகண்ட் அளவில், ரிலீஸ் முதலில் வேகமாகவும் பிறகு நிதானமாகவும். குரலுக்கு, குறிப்பாக ஆலாபனைக்கு, எல்ஏ-2ஏ வகையே என் தேர்வு. அனலாக் அப்செஷன் நிறுவனம் தரும் அதன் நகல், லாலா, இலவசம்.

மிருதங்கத்துக்கு இரண்டும் வேண்டாம். 1176-இன் மிக மெதுவான அட்டாக்கே ஒரு மில்லிசெகண்டுக்குக் குறைவு. 'நம்' விழும் முதல் வெட்டை, அதாவது அடியின் கூர்மையை, அது விழுங்கிவிட்டு ரீங்காரத்தை மட்டும் துப்பும். எல்ஏ-2ஏ ஃபரன்கள் எனும் வேகமான சொற்கட்டுகளில் மீண்டு வர நேரமில்லாமல் மொத்தத்தையும் அமுக்கி வைக்கும். மென்பொருளோடு வரும் சாதாரண கம்ப்ரஸரில் அட்டாக்கை 25 மில்லிசெகண்ட் அருகில் வைத்தால் வெட்டு தப்பித்துவிடும்.

எதைப் போட்டாலும், போட்டதையும் போடாததையும் ஒரே சத்தத்தில் வைத்துக் கேளுங்கள். மேக்-அப் கெயின் கூடியிருந்தால் எந்தக் கம்ப்ரஸரும் நன்றாகவே கேட்கும். கடைசியில் மொத்தமாக ஏற்றவும் அவசரம் வேண்டாம்: ஸ்பாட்டிஃபை சாதாரண அமைப்பில் எல்யூஎஃப்எஸ் என்ற ஒட்டுமொத்தச் சத்த அலகில் மைனஸ் 14-க்குப் பாட்டைக் கொண்டுவந்துவிடும். அதைத் தாண்டி அமுக்கி ஏற்றிய சத்தத்தை அவர்களே இறக்கிவிடுவார்கள். அமுங்கியது அமுங்கியதாகவே இருக்கும்.